மறு: 'சைன் வாக்': தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரிமோட்டில் ஓடும் வேக மின்படகுகளை அமைப்பது பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பாதிச் சொற்களில் சிக்கலே இல்லை. மோட்டார், பேட்டரி, ப்ரொப்பெல்லர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சுக்கான் இருக்கிறது, அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை), ஏரா (அடியின் நடுத்தண்டு) இருக்கின்றன. கடலோடிகள் விட்டுவைத்த இந்தச் சொற்கள் இருக்கும்போது 'முன்பக்கம்', 'பின்பக்கம்' என்று எழுதக் கை வரவில்லை. மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும், வளையக்கூடிய ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டை 'வளைதண்டு' என்று எழுதிப் பார்த்தேன். சுமை ஏறும்போது வளைதண்டு முறுக்கிக்கொண்டு குட்டையாகும், அதனால் ஸ்ட்ரட்டுக்கும் (அமரத்தில் தண்டைத் தாங்கும் பிடிப்பு) ப்ரொப்பெல்லர் பிடிக்கும் நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும் என்ற வரியில் போட்டதும் ஒட்டிக்கொண்டது. யாருக்கும் விளக்கவே தேவைப்படவில்லை.

மாட்டிக்கொண்டது 'சைன் வாக்' என்ற இடத்தில்தான்.

பார்க்காதவர்களுக்காக, என் படகில் நடந்ததையே சொல்கிறேன். அது வி வடிவ அடி கொண்ட ஒற்றையுடல் படகு. 4எஸ் லிப்போவிலிருந்து, அதாவது நான்கு செல்லைத் தொடராக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரியிலிருந்து, ஆறு செல் கொண்ட 6எஸ்ஸுக்கு மாற்றினேன். பழைய மோட்டார் 2000 கே.வி., அதாவது வோல்ட்டுக்கு 2000 சுற்று. 14.8 வோல்ட்டில் கணக்குப்படி நிமிடத்துக்கு 29,600. அதே மோட்டாருக்கு 22.2 வோல்ட் கொடுத்தால் 44,400 ஆகிவிடும். சுற்று ஒன்றரை மடங்கானால் ப்ரொப்பெல்லர் கேட்கும் திறன் ஒன்றரையின் மும்மடி, கிட்டத்தட்ட 3.4 மடங்கு. முதலில் புகைவது மோட்டாரா, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யா என்பது மட்டும்தான் கேள்வி. ஆகவே 1500 கே.வி. மோட்டாருக்குப் போனேன். இப்போது 33,300 சுற்று. ப்ரொப்பெல்லர் பழையதுதான்: விட்டம் 40 மி.மீ., புரியிடைத் தூரம் (ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம்) 56 மி.மீ. வழுக்கலே இல்லை என்று வைத்துக்கொண்டால் முன்பு மணிக்கு 99 கி.மீ., இப்போது 112. தண்ணீரில் இது கிடைக்காது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

முக்கால் த்ராட்டில் வரை தேய்த்து விட்ட கல் மாதிரி ஓடியது. அப்புறம் இடப்பக்கம் ஒரு சாய்வு. சரிசெய்துகொள்ளும் என்று பார்த்தால் வலப்பக்கம் போய் விழுந்தது. மறுபடி இடம், மறுபடி வலம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. தட் தட் தட் என்று அடிப்பலகை நீரில் அறையும் சத்தம் கரை வரை கேட்டது. பக்கத்தில் நின்றவர் "ஆடுது ஆடுது, விடு!" என்று கத்தினார். நான் விரலை எடுப்பதற்குள் கவிழ்ந்துவிட்டது.

இதுதான் சைன் வாக். வேகம் கூடக்கூடப் படகு நீரை விட்டு எழும்புகிறது. கடைசியில் அமரத்தை ஒட்டிய வி-யின் கூர்ப்பகுதி மட்டும்தான் நனைந்திருக்கும். கத்திமுனையில் நிற்கிற நிலை. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து அடி நீரில் பதியும், நீர் அதை மேலே தள்ளும், தள்ளியது நடுவில் நிற்காமல் மறுபக்கம் போய்விடும். படகின் அடியும் பக்கமும் சேரும் மூலைக்கோட்டைத்தான் 'சைன்' என்கிறார்கள். இந்தப் பக்கத்து மூலையிலும் அந்தப் பக்கத்து மூலையிலும் மாறி மாறிக் கால் வைத்து நடப்பதுபோல் இருப்பதால் அந்தப் பெயர்.

ஒலிபெயர்த்து எழுதினால் போதாதா? எழுதினேன். வரைவைப் படித்த ஒருவர், "சைன் அலை மாதிரி ஆடுவதாலா?" என்று கேட்டார். தப்பான பதில், ஆனால் கேட்டவர் மேல் தப்பே இல்லை. தமிழில் எழுதினால் கணக்கில் வரும் சைன், சாலையோரப் பலகைச் சைன், படகின் மூலைச் சைன் மூன்றும் ஒரே உருவம்.

என் பரிந்துரை: விலாவாட்டம். உங்கள் கருத்து?

———

ஐயா, வணக்கம்.

விவரிப்பு கண்முன் வந்து நின்றது. சொல்லில்தான் எனக்குத் தடங்கல். 'விலாவாட்டம்' என்பதை நீங்கள் விலா + ஆட்டம் என்று பிரிக்கிறீர்கள். படிக்கிறவர் அப்படிப் பிரிக்கமாட்டார். நீளவாட்டம், அகலவாட்டம், பக்கவாட்டம் என்று நாள்தோறும் சொல்கிறோம். அந்த வரிசையில் இதுவும் ஒரு திசையாகத்தான் காதில் விழும். தளம் போடுகிறவரிடம் கேட்டால் நீர் வாட்டம் என்பார், அது வேறு. 'விலாவாடல்' என்று திருத்தலாம் என்றால் விலா வாடிப்போகிறது! போதாக்குறைக்கு 'விலாவாரி'யும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

புதிதாக ஒன்றைக் கட்டுவானேன்? 'தள்ளாட்டம்' கையிலேயே இருக்கிறது. அதற்குள் நடையும் இருக்கிறது, இருபுறச் சாய்வும் இருக்கிறது. 'படகு தள்ளாடுகிறது' என்றால் குழந்தைக்கும் புரியும். அது பிடிக்காவிட்டால் 'தளம்பல்' இருக்கிறது.

———

எல்லாருக்கும் வணக்கம். நான் படகு ஓட்டியதில்லை, சொல் மட்டும்தான் தெரியும்.

'விளிம்பு நடை' என்று வைத்தால் என்ன? மூலைக்கோட்டை விளிம்பு என்று சொல்வதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

இன்னொன்று, பாதி விளையாட்டாக: ஒரு பக்கமாகச் சாய்ந்து படுப்பதை ஒருக்களித்தல் என்கிறோம். இந்தப் படகு இரண்டு பக்கமும் சாய்கிறது. 'இருக்களிப்பு'? அடிக்க வராதீர்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். இரண்டு உடல் கொண்ட படகுகளை ஆங்கிலத்தில் நம்முடைய கட்டுமரத்தின் பெயரில்தான் சொல்கிறார்கள். கையேட்டில் அதைத் திரும்ப வாங்கிக் 'கட்டுமரம்' என்றே எழுதிவிடலாமே?

———

இரண்டு மடல்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில். வேண்டாம். கட்டுமரம் என்றால் மரங்களைச் சேர்த்துக் கட்டியது, உடல் என்று ஒன்றே அதற்குக் கிடையாது. ஆங்கிலத்தில் போன சொல் வேறு பொருளோடு திரும்பி வருகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், கட்டுமரத்தை நேரில் பார்த்தவர் நம் கையேட்டைப் பார்த்துச் சிரிப்பார். 'இரட்டையுடல் படகு' என்று எழுதியிருக்கிறேன். அகலமாக இரண்டு கால் ஊன்றி நிற்பதால் அதற்கு இந்த ஆட்டம் பெரிய தொல்லையும் இல்லை. அதன் பயம் வேறு: அடியில் காற்று புகுந்து அணியத்தைத் தூக்கிவிடும், படகு பின்னால் புரளும். அதற்குச் சொல் தேடவே வேண்டியிருக்கவில்லை. கரையில் நிற்கிற எல்லாரும் "மல்லாந்துருச்சு" என்றுதான் சொல்கிறார்கள். 'மல்லாத்தல்' என்று எழுதிவிட்டேன்.

'வாட்டம்' பற்றிய மறுப்பு நியாயமானது. ஒரு நாள் முழுக்க அதைக் காப்பாற்றப் பார்த்தேன், 'விலா ஆட்டம்' என்று இடம்விட்டு எழுதலாமா என்றுகூட. சத்தமாகப் படித்தால் மறுபடி 'வாட்டம்' வந்து நிற்கிறது. சரி, போகட்டும்.

ஆனால் தள்ளாட்டத்துக்கு நான் வரமாட்டேன். சொல் அழகானது, அதில் சந்தேகமில்லை. தள்ளாடுகிறவர் சோர்ந்துபோனவர், மெல்ல நடக்கிறவர். இந்தப் படகோ முழு வெறியில் இருக்கும்போதுதான் ஆடுகிறது, வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், தள்ளாட்டம் எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. அணியம் மேலும் கீழுமாகத் துள்ளுவது ஒரு தனி நோய். கையேட்டில் அது 'துள்ளல்'. துள்ளுகிற படகையும் ஒருவர் தள்ளாடுகிறது என்று சொல்லிவிடலாம். தளம்பலுக்கும் இதே கதைதான், அதோடு அந்தச் சொல் கேட்டவுடன் குடத்து நீரைத்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறது.

'இருக்களிப்பு' படித்து நன்றாகச் சிரித்தேன். அதை எடுக்க முடியாது, ஆனால் 'ஒருக்களிப்பு' கைக்கு வந்தது. ப்ரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்க்கும்போது, கடிகாரச் சுற்றில் சுழன்றால் அதன் எதிர்விசை படகை இடப்பக்கம் சாய்க்கும். அப்படிச் சாய்ந்தே ஓடுவதற்கு இதுவரை என்னிடம் பெயர் இல்லை. 'படகு இடப்பக்கம் ஒருக்களித்து ஓடுகிறது.' இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்?

இப்போது சொல்லை விட்டுவிட்டுப் படகைப் பார்ப்போம். கவிழ்ந்த படகை எடுத்துத் துடைத்து, ஸ்ட்ரட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் ஆடியது. திருகு தளர்ந்திருந்தது. நின்ற இடத்தில் அரை மில்லிமீட்டர் ஒன்றுமில்லை, 33,000 சுற்றில் அதுதான் எல்லாவற்றையும் தொடக்கிவைக்கிறது. இறுக்கினேன். 6எஸ்ஸை இரண்டு 3எஸ் பேட்டரிகளாக ஏராவுக்கு இருபுறமும் வைத்திருந்தேன். ஒருக்களிப்பைச் சமன்செய்ய வலப்பக்கப் பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளினேன். பிறகு அமரத்துத் தகடுகள் இரண்டையும் மயிரிழை கீழே இறக்கினேன். அமரம் சற்று எழும்பி, அடியில் இன்னும் கொஞ்சம் நீளம் நனைந்து ஓடியது. வேகம் சிறிது குறைந்தது, ஆட்டம் நின்றது. அலையில்லாத நீரில் இப்போது முழு த்ராட்டில் தாங்குகிறது. சிற்றலை வந்தால் இன்னும் தொடங்கப் பார்க்கிறது.

இந்த மடலை எழுதும்போது 'ஆட்டம்', 'ஆடுகிறது' என்று எத்தனை முறை தானாகவே போட்டேன் பாருங்கள். கரையில் கத்தியவரும் "நடக்குது" என்று கத்தவில்லை. அதனால் 'விளிம்பு நடை'யில் நடையைக் கழற்றிவிடலாம். விளிம்பை எடுத்துக்கொள்கிறேன். விளிம்பு + ஆட்டம் = விளிம்பாட்டம். இடையில் வகரம் வராததால் வாட்டமும் வராது. 'படகு விளிம்பாடுகிறது', 'விளிம்பாடத் தொடங்கும் வேகம்' என்று வினையாகவும் வளைகிறது. ஆட்டம் எங்கே நடக்கிறது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது, ஆகவே துள்ளலோடு குழம்ப வழியில்லை. விளிம்பு எது என்று தெரியாதவருக்காகப் படத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுகிறேன்.

மாற்றி எழுதிய பகுதி இது. தடுக்குகிற இடம் இருந்தால் சொல்லுங்கள்:

"வோல்ட்டை ஏற்றிய பின் முதல் ஓட்டத்தில் த்ராட்டிலைப் படிப்படியாகக் கூட்டுங்கள். படகு ஒரே பக்கம் ஒருக்களித்தால் பேட்டரியை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்தால் அது விளிம்பாட்டம். சுக்கானால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஆட்டம் கூடும். த்ராட்டிலை மெல்லக் குறைத்துப் படகைக் கரைக்குக் கொண்டுவந்து, வேறு எதையும் தொடுவதற்கு முன் ஸ்ட்ரட்டையும் சுக்கானையும் கையால் ஆட்டிப் பாருங்கள்."