டெல்டா பக்கங்களில் விவசாயத் தொழிலாளி எங்கே? எண்ணுவது எப்படி?

நடவுவயல்:
வணக்கம். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டப் பக்கங்களில் நிலமில்லாத விவசாயத் தொழிலாளர்கள், குறிப்பாகத் தலித் குடும்பங்கள், எப்படி வருகிறார்கள் என்று முறையாகக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டு தமிழ் நாளிதழ்கள், ஓராண்டு. வேலை செய்ய நான்கு பேர் இருக்கிறோம். எந்த நாள்களை எடுப்பது, எதை எண்ணுவது? ‘விவசாயிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் மிராசுதாரர், குத்தகைதாரர், நடவாள் எல்லாரும் அடைபட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஓடம்போக்கி:
தொடர்ச்சியாக ஒரு மாதத்தை எடுக்காதீர்கள். ஜூனை எடுத்தால் மேட்டூர் திறப்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. ஓராண்டின் எல்லாத் திங்கள்கிழமைகளையும் குலுக்கி ஒன்று, எல்லாச் செவ்வாய்க்கிழமைகளையும் குலுக்கி ஒன்று என ஏழு நாள் சேர்த்தால் ஒரு ‘செயற்கை வாரம்’. ஓராண்டு நாளிதழுக்கு இப்படி இரண்டு வாரம் போதும் என்பது வழக்கம். டெல்டாவுக்கு அது போதாது, இங்கே செய்தியே பருவத்தோடு ஓடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குறுவை, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சம்பா-தாளடி, மார்ச் முதல் மே வரை வயலில் வேலை மெலிந்த காலம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் எடுங்கள். 42 நாள், இரண்டு தாள், 84 இதழ். கோடைப் பகுதியை ‘செய்தியே இல்லை’ என்று தள்ளிவிடாதீர்கள். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அந்தக் குடும்பங்கள் பத்திரிகைக் கண்ணில் படுகின்றனவா என்பது உங்கள் ஆய்வின் உயிரான கேள்வி.

ஒரு பொறி: மாவட்டப் பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒருவர் திருச்சிப் பதிப்பையும் இன்னொருவர் தஞ்சைப் பதிப்பையும் இறக்கினால் கணக்கு கெட்டுப்போகும். மின்னிதழை ஒரே பதிப்பில், ஒருவரே மொத்தமாக இறக்கி வைக்கட்டும்.

எண்ண வேண்டியது செய்தியை அல்ல, அதில் பேசுகிறவரை. ஒரு செய்தியில் மூன்று பேர் சொன்னதாக வந்தால் அட்டவணையில் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் பெயர் உண்டா, ஊர் உண்டா, பொறுப்பு உண்டா, மேற்கோளா அல்லது நிருபர் சுருக்கிச் சொன்னதா, எத்தனை சொல். படத்துக்குத் தனித் தாள் போடுங்கள். நடவுப் படத்தைப் பாருங்கள்: குனிந்த முதுகுகள், முழங்கால் சேறு, கீழே ‘மன்னார்குடி அருகே நடவுப் பணி தீவிரம்’ என்று ஒரு வரி. எட்டுப் பெண்கள், ஒரு பெயர்கூட இல்லை. அதே பக்கத்தில் தண்ணீர் கேட்டுப் பேசும் நிலக்காரருக்குப் பெயர், ஊர், சங்கப் பதவி மூன்றும் இருக்கும். முகம் தெரிகிறதா, முதுகு மட்டுமா என்றும் ஒரு கட்டம் வையுங்கள்.

‘விவசாயி’ சிக்கலுக்கு: ஏக்கர் கணக்கு, பயிர்க்கடன், பம்புசெட், சங்கப் பொறுப்பு வந்தால் நிலமுள்ளவர். குத்தகை என்று வந்தால் குத்தகைதாரர். கூலி, நடவு, நூறு நாள் வேலை என்று தன் வேலையாகச் சொன்னால் தொழிலாளி. எதுவுமே இல்லையென்றால் ‘தெரியவில்லை’ என்றே போடுங்கள், ஊகிக்காதீர்கள். பெயரையோ தெருவையோ வைத்துச் சாதியைக் கணிப்பது அறவே கூடாது. செய்தி சொன்னால் மட்டும் குறியுங்கள்.

தொடக்கத்தில் வரும் பத்தில் ஒரு பங்கு வரிசைகளை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிட வேண்டும். ‘91 விழுக்காடு ஒத்துப்போனோம்’ என்று நிம்மதி அடைய வேண்டாம். பத்தில் ஒன்பது வரிசை ‘தொழிலாளி இல்லை’ என்றிருக்கும்போது, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்தாலே 82 விழுக்காடு ஒத்துப்போகும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்கும் கோஹன் கப்பா போட்டால் (0.91 – 0.82) / 0.18 = 0.5. அது தேறாது. 0.8ஐத் தொடும்வரை வரையறைகளைத் திருத்துங்கள்.

ஒப்பிட அடித்தளம் 2011 மக்கள்தொகைக் கணக்கு. தமிழ்நாட்டில் பயிரிடுவோர் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். திருவாரூர் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 34 விழுக்காடு, மாநில அளவில் 20. அந்தக் கணக்கில் மயிலாடுதுறை நாகைக்குள் அடக்கம். 2020இல்தான் தனி மாவட்டமானது, பிரித்துப் போட முயன்று தடுமாறாதீர்கள்.

இரவுப்பதிப்பு:
மேலே சொன்னதோடு ஒரு கட்டம் கூட்டிக்கொள்ளுங்கள்: செய்தி பிறந்த இடம். ஆட்சியர் அலுவலகமா, சங்க அறிக்கையா, தொலைபேசியா, வயலா? பெரும்பாலான விடை அதில் இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒரே கூரையின் கீழ் பத்து மேற்கோள் கிடைக்கும். பகுதிநேர நிருபருக்கு அதைவிட மலிவான அறுவடை கிடையாது. ஆனால் அது வேலைநாள். அன்றைய கூலியை இழந்து நடவாள் அங்கே வரமாட்டார். வராதவர் பேச்சு செய்தியிலும் வராது.

‘ஆள் தட்டுப்பாடு’ செய்திகளைத் தனியாகப் பிரித்துப் படியுங்கள். நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் வரவில்லை என்று நிலக்காரர் சொல்வார், அதிகாரி ஆமோதிப்பார், செய்தி முடிந்துவிடும். யாரைப் பற்றிய செய்தியோ அவர் அதில் இல்லை. அப்படிப்பட்ட செய்தியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: அந்த ஊரில் ஏக்கர் நடவுக்கு என்ன கூலி, எத்தனை பேர் பங்கிட்டார்கள், அறுவடை இயந்திரம் வந்த பிறகு எத்தனை நாள் வேலை போனது. நூறு நாள் வேலையில் 2024-25க்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். ஆனால் தோண்டிய மண்ணை அளந்துதான் கூலி, அளவு குறைந்தால் கையில் வருவதும் குறையும். ‘சும்மா உட்கார்ந்து சம்பளம்’ என்று எழுதுகிறவர் அளவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

மழைச் சேதச் செய்தியும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்கு 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெல்லுக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். கணக்கு எக்டேரில் போகிறது. எக்டேர் இல்லாதவருடைய அறுப்புக் கூலி எந்தப் பட்டியலிலும் ஏறாது, தலைப்பிலும் ஏறாது. ஒவ்வொரு சேதச் செய்தியிலும் ‘இழந்த வேலைநாள் பற்றி ஒரு வரியாவது உண்டா’ என்று குறியுங்கள்.

நடவுவயல்:
நன்றி, இருவருக்கும். தாக்குதல் செய்திகள் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று வருகின்றனவே, அவற்றை எப்படிக் குறிப்பது? தவறு தெளிவாக இருந்தால் எங்கே புகார் செய்வது?

கச்சேரித்தெரு:
மோதல் செய்திக்கு நான்கு கட்டம் போதும். தாக்கியவர் வாக்கியத்தில் எழுவாயாக வருகிறாரா, ‘தாக்கப்பட்டார்’ என்று மறைகிறாரா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு செய்தியில் இருக்கிறதா, காரணம் எத்தனையாவது பத்தியில் வருகிறது, பாதிக்கப்பட்டவர் பேசுகிறாரா. காரணத்தை விட்டுவிடாதீர்கள். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னால் இருந்தது கூலிப் போராட்டம். அதை வெட்டிவிட்டால் கலவரம் என்று மட்டும் மிஞ்சும்.

‘இரு தரப்பு’ என்ற தலைப்பு பெரும்பாலும் எதிர்ப்புகாரிலிருந்து, அதாவது தாக்கிய தரப்பு பதிலுக்குக் கொடுக்கும் புகாரிலிருந்து பிறக்கிறது. இரண்டு முதல் தகவல் அறிக்கைகளையும் எடுத்து, சம்பவ நேரத்தையும் நிலையத்துக்குத் தகவல் வந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முதலில் வந்தது என்று விளங்கிவிடும். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அறிக்கைகள் காவல்துறை இணையதளத்தில் ஏற வேண்டும், உணர்வுபூர்வமானவை என்று ஒதுக்கியவை தவிர. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995 விதிகளின் 7ஆம் விதிப்படி துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவர் விசாரித்து 60 நாளில் முடிக்க வேண்டும். 61ஆம் நாள் எந்தத் தாளாவது கேட்டதா என்றும் பாருங்கள்.

புகார்: இந்தியப் பத்திரிகை மன்றம். முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், இதைச் செய்யாமல் போனால் அங்கேயே நின்றுவிடும். நாளிதழ் என்றால் வெளியான 2 மாதத்துக்குள் மன்றத்துக்குப் போக வேண்டும். செய்தி நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடித நகல், நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை சேர வேண்டும். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. குற்றத்தோடு தொடர்பில்லாதபோது சாதியைக் குறிப்பிடாதே என்கிறது மன்றத்தின் நெறி. சாதியே காரணமாக இருக்கும்போது மறைப்பதற்கு அதைச் சாக்காகக் காட்டுவார்கள், அசையாதீர்கள். இணையச் செய்தித் தளம் என்றால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 15 நாளில் பதில் தர வேண்டும்.

ஓடம்போக்கி:
கச்சேரித்தெரு சார் சொன்ன நான்கையும் பொது அட்டவணையில் கலக்காமல் தனித் தாளில் வையுங்கள். மோதல் செய்தி எண்ணிக்கையில் சொற்பமாக இருக்கும், கப்பா துள்ளும், எனவே அவற்றை மட்டும் முழுதாக இருவரும் குறியுங்கள். தொடங்குமுன் தேர்வில் இல்லாத நான்கு இதழ்களில் வெள்ளோட்டம் பாருங்கள். கட்டங்கள் அதில்தான் உடையும். அந்த நான்கையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.