ஃபிரெனுலத்துக்குக் ‘கடிவாளம்’ வேண்டாம்

வணக்கம். அந்துப்பூச்சிகளைக் குடும்பம் பிரிக்கும் அட்டவணைக்காக, ஃபிரெனுலம் என்ற உறுப்புக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘கடிவாளம்’ என்று ஒரு யோசனை; தண்டையார்பேட்டை ஆசிரியர் ஒருவர் ‘கொக்கி’ என்றார். இரண்டுக்கும் என் பதில் இது.

ஃபிரெனுலம் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறு கடிவாளம் என்றுதான் பொருள். ஆனால் அந்துப்பூச்சியின் உடலில் அது எதையும் அடக்குவதில்லை. பின்னிறக்கையின் அடியிலிருந்து முன்னிறக்கையை நோக்கி நீளும் விறைப்பான இழை அது. பறக்கும்போது இரண்டு இறக்கைகளும் சேர்ந்தே அடிப்பது அதனால்தான்.

தண்டையார்பேட்டை ஆசிரியர் சொன்ன ‘கொக்கி’யிலும் சிக்கல் இருக்கிறது. பிடித்துக்கொள்வது முன்னிறக்கையின் அடிப்புறத்தில் உள்ள ரெட்டினாகுலம். ஃபிரெனுலம் அதில் நேராகச் செருகி நிற்கிறது. ஃபிரெனுலத்துக்குக் கொக்கி என்று பெயர் வைத்துவிட்டால் ரெட்டினாகுலத்துக்கு என்ன வைப்பது?

ஃபிரெனுலத்துக்குப் ‘பிணைமுள்’ என்பது என் பரிந்துரை. செடியின் முள் நினைவுக்கு வருமே என்பீர்கள். காசிமேட்டில் மீன் வாங்குகிற யாரும் முள் என்றதும் கருவேலத்தை நினைப்பதில்லை. ‘பிணைமயிர்’ உடற்கூற்றின்படி இன்னும் சரிதான். ஆனால் ஆசிரியர் அதை எட்டாம் வகுப்பில் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும்!

ரெட்டினாகுலத்துக்கு வெறும் ‘பிடி’ போதும். ‘பிடிமடல்’ என்றால் ஆணுக்குப் பொருந்தும். பெண்ணில் அது பெரும்பாலும் செதில்களோ மயிர்களோ சேர்ந்த கற்றை. பிணைமுள்ளும் ஆணுக்கு ஒற்றையாய்த் தடித்திருக்கும், பெண்ணுக்குப் பொதுவாக ஒன்றுக்கு மேல் இருக்கும். கைலென்ஸ் இருந்தால் ஆண் பெண் பிரிக்க இதுவே நல்ல அடையாளம்.

குடும்பம் பிரிக்கும் அட்டவணையில் சொல் தேறுகிறதா என்று பார்ப்போம். நம் தெருக்களின் அரளியில் புழுவாய் வளரும் பச்சை அந்துப்பூச்சி ஸ்ஃபிங்கிடே குடும்பம்: பிணைமுள் உண்டு. டஸ்ஸர் பட்டு தரும் சாட்டர்னிடே குடும்பம்: பிணைமுள் இல்லை; பின்னிறக்கையின் தோள்பகுதி அகன்று முன்னிறக்கைக்கு அடியில் படிந்திருக்கும். இதைத் ‘தழுவிணைப்பு’ எனலாம். ஹெப்பியாலிடே குடும்பத்தில் முன்னிறக்கையிலிருந்து ஒரு சிறு மடல் பின்னோக்கி நீளும். அதன் பெயர் ஜூகம். இங்கு மட்டும் லத்தீனை அப்படியே ‘நுகம்’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். பிணைமுள் இல்லாததை மட்டும் வைத்துச் சாட்டர்னிடே என்று எழுதிவிடக் கூடாது. லாசியோகேம்பிடே குடும்பத்திலும் அது பொதுவாக இருப்பதில்லை. ஆனால் அவற்றின் பின்னிறக்கைத் தோள்பகுதியில் கூடுதலாகச் சிறு நரம்புகள் ஓடும். அவற்றுக்குத் ‘தோள்நரம்பு’ என்று எழுதலாமா?