நெட் போனாலும் நேரம் மாறக்கூடாது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. மதுரை கே.கே. நகர்ல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல சிஸ்டம் பார்க்கிறேன். திருமங்கலம், மேலூர்ல கிளை இருக்கு. சாம்பிள் எடுத்த நேரம் 10:42, ரிசல்ட் வந்த நேரம் 10:39னு ஒரு ரிப்போர்ட் அச்சாகியிருக்கு. நோயாளி கைக்குப் போற காகிதம், இப்படி வரவே கூடாது.

இப்ப லினக்ஸ் சர்வர்ல க்ரோனி (கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரியா வச்சுக்கிற மென்பொருள்) போட்டு, தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட டைம் சர்வரும் பொது என்டிபி பூல்ல (நெட் வழியா நேரம் தர்ற பொது சர்வர்களோட தொகுப்பு) மூணும் கொடுத்திருக்கேன். ரெண்டே ரெண்டு இருந்து முரண்பட்டா எது தப்புன்னு கண்டுபிடிக்க முடியாது, அதான் நாலு. ஃபயர்வால்ல யுடிபி 123 (நேரத் தகவல் வந்துபோற போர்ட்) திறந்தாச்சு.

மொத்த லைனும் போயிட்டா என்ன பண்றது? செயற்கைக்கோள்ல இருந்து நேரம் வாங்க மொட்டைமாடியில ஜிபிஎஸ் ரிசீவர் வைக்கணுமா, இல்ல உள்ளேயே ரெண்டு சர்வர் வச்சு க்ரோனியோட ஆர்ஃபன் வசதி (வெளியில இருந்து நேரம் வராதப்ப உள் சர்வர்களே ஒரே நேரத்துல ஒத்துப்போறது) போதுமா? ஜிபிஎஸ் வச்சவங்க, ஆன்டெனா கேபிள் எவ்வளவு நீளம் இழுத்தீங்க, இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்புன்னும் சொல்லுங்க.