தொலைவில் உள்ள பிசி ஹேங் ஆனால் ரீசெட் செய்ய: ரிலேவா, ஆப்டோகப்ளரா?

கேள்வி:
வேறு ஊரில் ஒரு அறையில் ஆறு டெஸ்க்டாப் பிசிக்கள், எல்லாம் டெபியன் (லினக்ஸ்). சாதாரண மதர்போர்டுகள், ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்தே பிசியை ஆன், ஆஃப், ரீசெட் செய்யும் வசதி) கிடையாது. ஹேங் ஆனால் எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) எடுபடாது. வேக்-ஆன்-லேன் அணைந்திருக்கும் பிசியை எழுப்புமே தவிர, ஹேங் ஆனதை ஒன்றும் செய்யாது. 230 வோல்ட் லைனை ரிலேயால் துண்டித்துக் கொடுக்கலாமா, ரீசெட் பட்டன் வயரில் கை வைக்கலாமா? கையில் இருப்பது நோட்எம்சியு (இஎஸ்பி8266 வைஃபை மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ரிலே போர்டு.

பதில் 1:
மெயின்ஸ் பக்கம் போகாதீங்க. எஸ்எம்பிஎஸ் (பிசியின் பவர் சப்ளை) ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் கரண்டில் சின்ன ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆஃப் சொன்னாலும் ஆஃப் ஆகாது.

கேபினட் பட்டன் வயர் வந்து செருகும் ஃப்ரன்ட் பேனல் பின்களே போதும். வழக்கமான 9 பின் அமைப்பில் 6, 8 பவர் ஸ்விட்ச். 5, 7 ரீசெட். 2, 4 பவர் எல்இடி. ஆனாலும் உங்கள் போர்டின் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்க. கேபினட்டில் ரீசெட் பட்டன் இல்லாவிட்டாலும் போர்டில் பெரும்பாலும் பின் இருக்கும்.

ஒரு பட்டனுக்கு ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (உள்ளே இருக்கும் எல்இடியின் ஒளியால் ஸ்விட்ச் ஆகும் சிப்), ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். நோட்எம்சியுவின் ஜிபிஐஓவிலிருந்து (புரோகிராமால் இயக்கும் பின்) 470 ஓம் வழியாக பிசி817-இன் பின் 1, அதன் பின் 2 நோட்எம்சியு கிரவுண்டுக்கு. 3.3 வோல்ட்டில் எல்இடி 1.2 எடுத்துக்கொள்ள, ஓடுவது சுமார் 4.5 மில்லிஆம்ப். ஜிபிஐஓ தாராளமாகத் தாங்கும். அந்தப் பக்கம் பின் 4 ஸ்விட்ச்சின் பிளஸ்ஸுக்கு, பின் 3 மைனஸுக்கு. எது பிளஸ் என்று மல்டிமீட்டரில் பாருங்க: கிரவுண்டுக்கு எதிராக 3.3 அல்லது 5 வோல்ட் காட்டும் பின். மாற்றி மாட்டினால் பட்டன் அழுத்தியதாகவே ஆகாது. பழைய பட்டன் வயரை எடுக்க வேண்டாம், பேரலலாக விடுங்க.

பதில் 2:
ரிலே போர்டை ஒதுக்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சந்தையில் கிடைக்கும் பல போர்டுகள் ஆக்டிவ் லோ, அதாவது பின் லோ ஆனால் ரிலே ஆன் ஆகும். நோட்எம்சியு பூட் ஆகும்போது பின் ஒரு கணம் லோ ஆனாலே ரிலே தட்டிவிடும். நோட்எம்சியுவுக்குக் கரண்ட் போய் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினும் ரீசெட் ஆகும்.

பின் தேர்விலும் கவனம். ஜிபிஐஓ 0, 2, 15 மூன்றும் பூட் மோடைத் தீர்மானிப்பவை, 16 பூட்டின்போது ஹை, 1 சீரியல் அவுட்புட். டி1, டி2 (ஜிபிஐஓ 5, 4) பாதுகாப்பானவை.

ரீசெட்டுக்கு 300 மில்லிசெகண்ட் போதும். பவர் பட்டனைத் தொட்டு விட்டால் டெபியன் முறையாக ஷட்டவுன் ஆகும். 4 விநாடிக்கு மேல் பிடித்தால் வலுக்கட்டாயமாக அணையும், 6 வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்கும் மசியாத ஹேங் வந்தால் 6 விநாடி அழுத்தி, 10 விநாடி விட்டு, மறுபடி 300 மில்லிசெகண்ட். இதற்கு பிசி ஆனா ஆஃபா என்று தெரிந்தே ஆகவேண்டும். பவர் எல்இடிக்குப் பேரலலாக இன்னொரு பிசி817-ஐ 470 ஓம்முடன் போட்டு, அதன் அவுட்புட்டை 10கே புல்-அப்புடன் (3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) ஒரு ஜிபிஐஓவில் படியுங்கள். ஸ்லீப்பில் இந்த எல்இடி பல போர்டுகளில் மினுக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ஆறுக்கும் ஒரே நோட்எம்சியு போதுமா? பவர் எங்கிருந்து எடுப்பது?

பதில் 1:
போதும், ஆனால் பின்கள் பற்றாது. எம்சிபி23017 (பின்களைக் கூட்டித் தரும் சிப்) ஒன்று சேருங்க, 16 பின் கிடைக்கும். பவர் வந்ததும் பின்கள் இன்புட்டாகவே இருப்பதால் எதுவும் தானாகத் தட்டாது. இதே வேலைக்கு 74எச்சி595 (ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப்) மலிவுதான், ஆனால் ஆன் ஆகும் நொடியில் அவுட்புட் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதைப் போட்டால் ஓஇ பின்னை (ஹை ஆக இருக்கும்வரை அவுட்புட்டை அணைத்துவைக்கும்) 10கே வைத்து 3.3-க்கு இழுத்து வையுங்க.

பவருக்குத் தனி 5 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர். பிசியின் யுஎஸ்பியிலிருந்து எடுத்தால், பயாஸில் இஆர்பி (அணைந்த பிசியின் மின்செலவைக் குறைக்கும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கும்போது பிசி அணைந்ததும் அதுவும் செத்துவிடும். வைஃபை அனுப்பும்போது கரண்ட் திடீரென ஏறும், அதனால் 5 வோல்ட்டில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஆப்டோகப்ளரைக் கேபினட்டுக்குள்ளேயே வையுங்க. வெளியே ஓடும் கேட்5 வயர் எல்இடி பக்கத்தோடு நிற்கட்டும். ரீசெட் பின்னையே பல மீட்டர் இழுத்தால் பக்கத்தில் மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் ரீசெட் ஆக வாய்ப்புண்டு.

பதில் 3:
எம்க்யூடிடி (சின்னக் கருவிகளுக்கான செய்தி அனுப்பும் முறை) வழியாகக் கட்டளை அனுப்பினால் ரீட்டெய்ன் (செய்தியைச் சேமித்துவை) கொடியை ஒருபோதும் போடாதீர்கள். புரோக்கர் (செய்தியை இடையில் வாங்கித் தரும் சர்வர்) அதைப் பிடித்துவைத்து, நோட்எம்சியு ஒவ்வொரு முறை இணையும்போதும் திரும்பத் தரும். வைஃபை விட்டு வந்தாலே பிசி ரீசெட் ஆகும். வெளியிலிருந்து இணைய ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு வேண்டாம், வயர்கார்டு (விபிஎன்) போதும்.

சால்டரிங் தொடங்கும் முன் மென்பொருள் பக்கம் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். சிஸ்கன்ட்ரோலில் (கெர்னல் அமைப்புகள்) கெர்னல்.பானிக்=10 போட்டால், கெர்னல் பானிக் ஆகி நின்ற 10 விநாடியில் தானே ரீபூட் ஆகும். சிஸ்டம்டியில் ரன்டைம் வாட்ச்டாக் செக்=30 போட்டால், சிப்செட்டில் வாட்ச்டாக் (பதில் வராவிட்டால் தானே ரீசெட் செய்யும் டைமர்) இருக்கும் போர்டுகளில் முழு ஹேங்கையும் அதுவே பிடிக்கும். பயாஸில் கரண்ட் வந்ததும் பவர் ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். அதன் பிறகும் மசியாத மெஷினுக்குத்தான் இந்த போர்டு தேவைப்படும்.