கிணற்றடிக்கு வந்த ஆறுமணிக்குருவி

அடையாறில் எங்களுடையது பழைய தனிவீடு. பின்பக்கம் கிணறு, ஒரு மாமரம், ஒரு சப்போட்டா. மைனா, தவிட்டுக்குருவி, செண்பகம் எல்லாம் தினமும் வந்து போகும். போன அக்டோபரில் ஒரு காலை காக்கைகள் கூட்டம் கூடிக் கத்தின. போய்ப் பார்த்தால் துவைக்கும் கல்லுக்குப் பின்னால், சுவரோடு ஒண்டிக்கொண்டு ஒரு பறவை. மைனாவைவிடச் சின்னது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. துண்டை வீசிக் காக்கைகளை விரட்டினேன். ஆறுமணிக்குருவி!

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இந்தியில் நவரங். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கி இலங்கை வரை போகும். அவ்வளவு தூரம் பறந்து வந்ததை அன்றைக்குப் படம் எடுக்க மனசு வரவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கே பின்படியில் உட்கார்ந்தேன். செல்போனில் பச்சைத் தீற்றல்தான் வந்தது. 300 மி.மீ. லென்ஸை எடுத்தேன். மரத்தடியில் வெளிச்சம் குறைவு. ஃப்ளாஷ் போட்டால் பறவை மிரளும். குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்க உதவும் ஐஎஸ்ஓ அளவை 3200-க்கு வைத்தும் பாதிப் படங்கள் கலங்கல். நாலு நாள் பார்த்தபிறகுதான் பிடிபட்டது: தத்தித் தத்திப் போகும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்க்கும். அந்த ஒரு நொடியில் அழுத்த வேண்டும். அலகால் சருகை ஒதுக்கி மண்புழுவை இழுத்தது. புழு ரப்பர் மாதிரி நீண்டது. குனிந்தபோது வாலடியில் குங்குமச் சிவப்பு. அந்தப் படம் ஒன்று போதும் எனக்கு.

பதினோரு நாள் இருந்தது. மாமரத்தடிச் சருகுதான் அதைத் தங்க வைத்தது என்று நிச்சயமாக நம்புகிறேன். இரை முழுக்க அதற்கு அடியில்தானே இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு முற்றம் பளிச்சென்று இருக்க வேண்டும். "குப்பையா கிடக்கு, பாம்பு வரும்" என்றார். கடைசியில் படி வரைக்கும் பெருக்குவது, கிணற்றுக்கு அந்தப் பக்கம் துடைப்பம் படக்கூடாது என்று முடிவானது. டிசம்பரில் அதே சருகில் ஒரு கொடிக்கால் வாலாட்டி நடந்தது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டுகிறது. அரசவால் ஈப்பிடிப்பானும் ஒருநாள் வந்தது, கேமராவை எடுப்பதற்குள் போய்விட்டது.

பூனை வளர்ப்பவர்கள் அக்டோபர் காலைகளில் மட்டுமாவது அதை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். களைத்து இறங்கும் பறவைக்கு ஓடக்கூடத் தெம்பிருக்காது.

இந்த வருடமும் சருகைச் சேர்த்து வைத்திருக்கிறோம். நேற்று 5.50-க்கு மாமரப் பக்கம் இரண்டு சுரமாக ஒரு விசில். எழுந்து ஓடினால், எனக்கு முன்னாலேயே அம்மா ஜன்னலில் நிற்கிறார். "சத்தம் போடாதே, உன் ஆறுமணி வந்தாச்சு."