கவிஞர் தூரிகை பிடிச்சா அது ஓவியமா, பேருக்கு விழுற கைதட்டலா?

கோட்டை_அகழி:
நேத்து நம்ம வேலூர்ல ஒரு கவிஞரோட ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். பேரு வேண்டாம், நல்ல மனுஷன், கவிதையும் நல்லா எழுதுவார். படங்களைப் பத்திச் சொல்லத்தான் கூச்சமா இருக்கு. ஓவியக் கல்லூரி முடிச்ச பசங்க அதே ஹால் கிடைக்காம நடையா நடக்கறாங்க. எழுத்துல சம்பாதிச்ச பேரை இங்க வந்து செலவு பண்றது நியாயமா?

மக்கன்பேடா:
அகழி சார், அப்போ தாகூரை என்ன பண்ணுவீங்க? அறுபதைத் தாண்டித்தான் மும்முரமா வரையவே ஆரம்பிச்சார். கையெழுத்துப் பிரதியில அடிச்ச வரிகளை ஒண்ணோட ஒண்ணு இழுத்துச் சேர்த்து பறவை, மிருகம்னு ஆக்கினவர். 1930ல பாரிஸ்ல கண்காட்சி. ரெண்டாயிரத்துக்கு மேல படம். எந்தக் கல்லூரி?

கோட்டை_அகழி:
1913ல நோபல் வாங்கினவருக்கு பாரிஸ்ல சுவர் கிடைக்காம போகுமா? நான் சொன்னதையே நீங்களும் சொல்றீங்க. ஜெர்மன் நாவலாசிரியர் குந்தர் கிராஸ் கதை வேற. கல் வேலை கத்துக்கிட்டு, டுசல்டார்ஃப்லயும் பெர்லின்லயும் சிற்பம் படிச்சவர், நாவல் அப்புறம்தான். நம்ம தமிழ் எழுத்தாளர் யூமா வாசுகியும் கும்பகோணம் ஓவியக் கல்லூரிக்காரர். கை பழகினவங்க மேல எனக்கு எந்த வழக்கும் இல்ல.

பாலாறு_மணல்:
நானும் போனேன். ரெண்டு படம் தேறும். டீ தேறாது.

மக்கன்பேடா:
சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடி போய்ப் பாருங்க. ஒரே பாறையைக் குடைஞ்ச கோயில், 1400 வருஷம் ஆச்சு. குடைய வெச்ச பல்லவ ராஜா மகேந்திரவர்மன் மத்தவிலாசம்னு அங்கத நாடகம் எழுதினவன், 'சித்திரகாரப்புலி'ன்னு பட்டம் வேற. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல.

கோட்டை_அகழி:
பட்டம் இருக்கு. அவன் கையால வரைஞ்சதுன்னு ஒரு படம் காட்டுங்க!

குடியாத்தம்காரன்:
ராஜா பேரு கல்லுல இருக்கு, உளி பிடிச்சவன் பேரு எங்கண்ணே? நான் இருபது வருஷத்துக்கு மேல கடை போர்டு எழுதினவன். கவனிச்சீங்களா, 'வரையறேன்'னு நாங்க சொல்றதில்ல, 'போர்டு எழுதறேன்'னுதான். சாக்பீஸ் தடவின நூலை அடிச்சு கோடு எடுத்து, 'ண' எத்தினி வருதுன்னு முதல்லயே எண்ணிக்கணும். மூணு சுழி, இடத்தை முழுங்கிடும். எண்ணாம ஆரம்பிச்சா கடைசி எழுத்து நசுங்கும், முதலாளி துட்டுல கை வைப்பார். அது எழுத்தா, படமா? வள்ளுவரே கண்ணுக்கு மை தீட்டறதை 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்'னுதான் சொல்றார், 1285. சித்திரம் எழுதினான்னுதான் பழைய பேச்சு. உங்க கவிஞர் ஒரே வேலையைத்தான் ரெண்டு கோல்ல செய்யறார்.

மக்கன்பேடா:
அண்ணே, இது எனக்குத் தோணாமப் போச்சே!

கோட்டை_அகழி:
குறள் பிரமாதம். அதுக்காக அந்தப் படத்துல குதிரைக்கு முட்டி தப்பான இடத்துல இருக்கறது சரியாயிடாது. ஒரே வேலைன்னா ரெண்டுலயும் அதே கறார் வேணும். நசுங்கின எழுத்துக்கு உங்களுக்குத் துட்டு போச்சு, அவருக்குச் சால்வை போட்டாங்க.

குடியாத்தம்காரன்:
அது நியாயம்தான்.

கோட்டை_அகழி:
உங்க போர்டு ஏதாச்சும் இன்னும் தொங்குதாண்ணே?

குடியாத்தம்காரன்:
நெல்லூர்பேட்டையில ஒரு சைக்கிள் கடை. 'ள்'ளுக்குப் புள்ளி உதிர்ந்துடுச்சு. பொங்கலுக்கு ஃப்ளெக்ஸ் மாட்டப் போறாராம், வர்றதுன்னா அதுக்குள்ள வாங்க.