மியாட்டாவைப் பனிக்காலத்தில் ஓட்டலாமா, மூடி வைக்கலாமா?

பாளை மார்க்கெட்காரன்
அண்ணாச்சிமாரே, வீட்டில் ஒரு பஞ்சாயத்து. என் தம்பி மான்ட்ரியலில் இருக்கிறான். போன கோடையில் 1993 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கினான். அந்தப் பக்கம் மியாட்டா என்பார்கள். இரண்டு பேர்தான் உட்காரலாம். துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுப்பு, எடை ஏறக்குறைய ஒரு டன்தான். பாதிப் பணம் நான் கொடுத்தது, அதனால்தான் எனக்கு இந்தக் கவலை.

இப்போது அங்கே குளிர் தொடங்கிவிட்டது. "ஓட்டத்தானே வாங்கினேன், வருஷம் முழுக்க ஓட்டுவேன்" என்கிறான். நான் பனி போகும்வரை மூடி வை என்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான், ஒரு மாதம் போல வண்டி சும்மா நிற்கும். அப்போது கூட்டாளி ஒருவன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பானாம். நாமெல்லாம் மார்கழி விடிகாலையில் 22 டிகிரி வந்தாலே மப்ளர் கட்டுகிற ஆட்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பானர் வண்ணாரப்பேட்டை
ஓட்டச் சொல்லுங்க தம்பி. இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறேன். நிற்கிற வண்டி பெரிய வேலையோடு வரும், ஓடுகிற வண்டி ஆயில் மாற்ற வரும். நிறுத்தி வைத்தால் பிரேக் காலிப்பரில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். டேங்கில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். டயர் ஒரு பக்கம் தட்டையாகும். எலிக்குக் கேட்கவே வேண்டாம், வயரிங்கை முழுக்கத் தின்றுவிட்டுப் போகும். குளிர் என்பதற்காக எந்த இரும்பும் சாகாது.

அம்பைக்குத் திரும்பியவன்
கடைசி வரி மட்டும் சரி அண்ணாச்சி. குளிரில் இரும்பு சாகாது, உப்பில் சாகும். நான் ஒன்டாரியோவில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது அம்பாசமுத்திரத்தில் வயல் பார்க்கிறேன். அந்த ஊர் ரோடுகளில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். சாதாரண உப்பு மைனஸ் பத்து டிகிரி வாக்கில் வேலை செய்வதை விட்டுவிடும். அதற்குக் கீழே போனால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு எல்லாம் சேர்ப்பார்கள். இந்தக் கரைசல் சக்கரத்தில் அடித்து அடிப்பாகம் முழுக்க ஏறும். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடுகிறதே, பழைய மியாட்டாவில் அதுதான் முதலில் போகும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் பெயின்ட் கொப்புளிக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். எஞ்சினுக்கு எதுவும் ஆகாது, எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் ஓடும். பாடி இல்லாத எஞ்சினை வைத்து என்ன செய்ய?

உவரிக்காற்று
உப்பைப் பற்றி எங்களுக்கா சொல்கிறீர்? கடலோரத்து உவரியில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதாகிறது. ஆனாலும் அப்பா காலத்து ஜீப் ஒன்று இன்னும் ஓடுகிறது. ரகசியமெல்லாம் கிடையாது. வாரா வாரம் அடியில் ஓஸ் வைத்து நல்ல தண்ணீரால் அடிப்போம், மழைக்கு முன்னால் சேஸிஸ் முழுக்கப் பழைய ஆயில் பூசுவோம். கழுவுகிறவன் ஓட்டலாம், சோம்பேறி மூடி வைக்கட்டும்.

அம்பைக்குத் திரும்பியவன்
உவரி அண்ணாச்சி, உங்களுக்கு வருஷம் பூராவும் குழாயில் தண்ணீர் வரும். மான்ட்ரியலில் ஜனவரி ராத்திரி சராசரியாக மைனஸ் 14 பக்கம். வாசலில் கழுவினால் தண்ணீர் கீழே விழுவதற்குள் கட்டியாகும், கதவு ரப்பர் ஒட்டிக்கொள்ளும், பூட்டு இறுகிவிடும். சூடேற்றிய கார் வாஷுக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து வெளியே வந்ததும் மறுபடி உப்பு ரோடுதான்.

இன்னொன்று. நம் வீட்டு உப்புஜாடி மழைக்காலத்தில் கசிகிறதல்லவா, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்த உப்பு நீர்க்கும். கால்சியம் குளோரைடுக்கு 30 சதவீதமே போதும். காய்ந்த நாளில்கூட அது தகரத்தின் மேல் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். பலர் இதில் ஏமாறுகிறார்கள்: பாவம் வண்டி என்று சூடான கராஜில் கொண்டு நிறுத்துவார்கள். குளிரில் துரு மெதுவாகத்தான் ஏறும். உப்போடு ஈரமாக வந்த வண்டியைச் சூட்டில் வைத்தால் அதன் வேகம் பிய்த்துக்கொண்டு போகும்.

டவுன் ரதவீதி
இவ்வளவு கணக்கு எதற்கு? குளிருக்கென்று ஒரு பழைய கொரோலா வாங்கிப் போடச் சொல்லும். துருப்பிடித்தால் அது பிடிக்கட்டும். பாதிப் பணம் இதற்கும் அண்ணன்தான் தருவாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

பாளை மார்க்கெட்காரன்
வே, வாயைக் கழுவும். தம்பிக்கு லிங்க் அனுப்பியிருக்கிறேன், அவனே வந்து பேசட்டும்.

மான்ட்ரியல் மக்கா
வணக்கம் அண்ணாச்சிமாரே. இங்கே ராத்திரி பதினொரு மணி. எங்க அண்ணன் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறான். நான் ஏற்பாடில்லாமல் இறங்கவில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம், நாலும் மாட்டியாயிற்று. கோடை டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பு விட்டுவிடும், பனி டயர் அப்போதும் மெத்தென்றே இருக்கும். கூலண்டைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்திருக்கிறேன், மைனஸ் 37 வரை உறையாது. ஆயில் 5டபிள்யூ-30. பேட்டரியும் புதுசு.

அப்புறம் ஓட்டும் சுகம். காலிப் பார்க்கிங்கில் பனி மேல் மெதுவாகத் திருப்பினால் பின்பக்கம் நழுவுவதும், ஸ்டியரிங்கைத் திருப்பி அதைப் பிடிப்பதும் கைக்கு நேராகத் தெரியும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கற்றுத்தர வேறெந்த வண்டியாலும் முடியாது. முப்பது வயசு தாண்டிய வண்டி, மியூசியத்தில் வைக்கவா வாங்கினேன்? பின்சக்கர இழுப்புக்காக டிக்கியில் மணல் மூட்டை வைக்கவும் யோசனை.

டவுன் ரதவீதி
மணலா? தாமிரபரணிக்கரையில் அதை மூட்டை கட்டினால் போலீஸ் வரும் மக்கா.

ஸ்பானர் வண்ணாரப்பேட்டை
மணல் வேண்டாம். பழைய பிக்கப்புக்குத்தான் அது சரி, பின்னால் ஒன்றுமே இருக்காது. உங்கள் வண்டியில் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம். பின் ஆக்சிலுக்கு வெளியே பாரம் ஏற்றினால் நழுவ ஆரம்பித்ததும் அந்தப் பாரமே சுற்றிவிடும். நல்ல டயர் போதும். இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். வழுக்கும் இடத்தில் சட்டென்று கியர் இறக்காதீர்கள், எஞ்சினே பிரேக் போட்டது போலப் பின்சக்கரத்தை மட்டும் பிடித்துவிடும்.

ஆயில் மெலிதாகப் போட்டது நல்லது. இங்கே சித்திரை வெயிலுக்கு நான் போடுகிற 20டபிள்யூ-50ஐ அங்கே ஊற்றினால் காலையில் அசையாது. அந்த 1.6 எஞ்சினில் வால்வு லிஃப்டருக்குள் ஆயில் ஏறும்வரை 'டிக் டிக்' என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

அம்பைக்குத் திரும்பியவன்
அந்த வாராந்திர ஸ்டார்ட் சமாசாரத்துக்கு ஸ்பானர் அண்ணாச்சி பதில் சொல்லவில்லையே. நிற்கிற வண்டி கெடும் என்றவர் அவர்தான்.

ஸ்பானர் வண்ணாரப்பேட்டை
நான் ஓட்டச் சொன்னேன், ஸ்டார்ட் போட்டு அணைக்கச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். எஞ்சின் முழுச் சூடு ஏறினால் அது சைலன்சர் வழியே வெளியே போய்விடும். பத்து நிமிஷத்தில் மைனஸ் குளிரில் என்ன சூடு ஏறும்? ஆவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலில் கலக்கும், சைலன்சருக்குள் தேங்கும். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், மோர் போல வெளுத்துப் படிந்திருக்கும். ஸ்டார்ட்டர் எடுத்த கரண்டையும் பத்து நிமிஷத்தில் ஆல்டர்னேட்டர் முழுதாகத் திருப்பித் தராது. ஒன்று, வாரத்துக்கு ஒருநாள் அரைமணி முக்கால்மணி ரோட்டில் ஓட்ட வேண்டும். இல்லையா, சாவியையே தொடக்கூடாது. நடுவில் செய்வதெல்லாம் வண்டிக்கு வைக்கிற வினை.

அம்பைக்குத் திரும்பியவன்
இதில் நான் அண்ணாச்சி கட்சி. கூட்டாளியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள் தம்பி. மியாட்டாவில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும், கழற்றி வீட்டுக்குள் சார்ஜரில் போடுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் எட்டு டிகிரி வாக்கிலேயே உறைந்து விரிசல் விடலாம், முழுச் சார்ஜில் இருந்தால் எந்தக் குளிரும் தாங்கும்.

கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக்தானே? குளிரில் அதை மடித்தால் பிளந்துவிடும். பனி சுரண்டுகிற கட்டையை அதன் மேல் வைக்கவே வேண்டாம், கையுறையால் துடையுங்கள். அப்புறம் முக்கியமான சோதனை: கூரையில் விழுகிற தண்ணீர் சீட் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டை வழியாக இறங்கி அடியில் வெளியே வர வேண்டும். அதை இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே தங்கும். உப்பு வெளியே இருந்து, ஈரம் உள்ளே இருந்து, நடுவில் அந்தத் தகரப் பெட்டி. மேலே ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள்.

ஸ்பானர் வண்ணாரப்பேட்டை
இது உண்மை. 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே நெல்லை ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அப்போது வந்த வண்டிகளில் எஞ்சினை மட்டும் பார்க்கச் சொன்னவர்கள் உண்டு. கார்பெட்டைத் தூக்கி அடியில் இருந்த பஞ்சைக் காயவைக்காத வண்டிகளுக்கு அப்புறம் தரையே போயிற்று. உள்ளே தங்குகிற தண்ணீரைப் போல விரோதி கிடையாது.

உவரிக்காற்று
நானும் எலிக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் பக்கம் புகையிலைக் காம்பு வைப்போம், பாச்சை உருண்டையும் போடுவோம். அங்கே எலி உண்டா?

மான்ட்ரியல் மக்கா
சுண்டெலி தாராளமாக உண்டு அண்ணாச்சி, குளிருக்கு ஒதுங்க இடம் தேடி வரும். சைலன்சர் வாயில் இரும்பு நார் அடைப்பார்கள்.

இன்று டம்ளர் சோதனை செய்தேன். டிரைவர் பக்கம் உடனே வழிந்தது. மறுபக்கம் வரவே இல்லை, கம்பி விட்டுக் குடைந்ததும் மக்கிய கறுப்புக் குப்பையும் மேப்பிள் இலைத் துண்டும் வந்தன. அந்தப் பக்கம் பின்சக்கரத்துக்கு முன்னால் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் சத்தம் மந்தமாக இருக்கிறது. பொத்தல் இல்லை, ஆனால் பெயின்ட் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. இந்த வருஷம் உப்பில் இறக்கப்போவதில்லை. வெல்டிங் முடிந்து, அந்தத் தகரப் பெட்டிக்குள் துரு பிடிக்காமல் இருக்க மெழுகு அடித்தபிறகு அடுத்த பனிக்கு ஓட்டுவேன். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

பாளை மார்க்கெட்காரன்
வெல்டிங் பில்லில் பாதி எனக்கு வராது என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

அம்பைக்குத் திரும்பியவன்
அடுத்த பனிக்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அப்போது சண்டை போடுவோம். இப்போதைக்கு: சூடில்லாத கராஜ், காய்ந்த தரை. உள்ளே விடுவதற்கு முன்னால் அடிப்பாகத்தைக் கழுவி ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி எல்லாம் காய வேண்டும். ஆயிலை இப்போதே மாற்றுங்கள், பழைய ஆயிலோடு நிறுத்தாதீர்கள். டேங்க் நிறைய பெட்ரோல், அது கெடாமல் இருக்க அதில் ஸ்டெபிலைசர். டயரில் கொஞ்சம் காற்று கூடுதலாக. ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் உள்ளே வேர்க்கும், துணி உறை போதும். இன்சூரன்ஸை முழுக்க ரத்து செய்யாமல் தீ, திருட்டுக்காவது வைத்திருங்கள்.

ஸ்பானர் வண்ணாரப்பேட்டை
எடுக்கும்போது உடனே முறுக்க வேண்டாம். முதலில் பிரேக்கை மிதித்துப் பாருங்கள், ஆயில் பாருங்கள், கட்டையை எடுத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைக் கையால் ஒரு முழம் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் சாவி போடலாம்.

மான்ட்ரியல் மக்கா
மார்ச் 15 முடிந்ததும் எடுத்துவிடலாமா?

அம்பைக்குத் திரும்பியவன்
அது டயர் சட்டத்துக்கான தேதி. ரோட்டோரத்து உப்பு அதற்குப் பிறகும் கிடக்கும், காய்ந்தால் தூசியாகப் பறக்கும். நல்ல மழை ரெண்டு மூன்று பெய்து ரோடு கழுவப்பட்டதும் எடுங்கள். ஏப்ரல் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.